ஊக்கி வாங்கும் முன் மண்ணை அறிவோம்

முட்டைக்கோசு, காலிஃபிளவர் பயிரிடக் கடன் கோரும் வாடிக்கையாளர்களின் செலவுத் திட்டத்தில் 'வளர்ச்சி ஊக்கி' தவறாது இடம்பெறுகிறது. மண் பரிசோதனை அரிதாகவே இடம்பெறுகிறது. வேர் நோய்க்கு ஊக்கியே மருந்து என்னும் எண்ணம் சரிதானா என்பதை இங்குக் காண்போம்.

நோயின் இயல்பு

கோசுக் குடும்பப் பயிர்களின் வேரைத் தாக்கும் நோய்களுள் கொடியது வேர்முண்டு நோய். நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் இது காணப்படுகிறது. நண்பகலில் இலைகள் வாடும், மாலையில் நிமிரும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் தடித்து முண்டு முண்டாக இருக்கும். இதற்குக் காரணமான நுண்ணுயிரியை 1878-இல் ரஷ்ய அறிஞர் வோரோனின் விவரித்தார். அதன் வித்துகள் மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிருடன் இருக்கும். அமில மண்ணும் நீர்த்தேக்கமும் அவற்றுக்கு உகந்தவை.

திருவனந்தபுரம் போன்ற வெப்பமான சமவெளியில் இந்நோய்க்கு வாய்ப்புக் குறைவு. எனினும் நம் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. நீர் தேங்கினால் நாற்றழுகலும் வேரழுகலும் எளிதில் தோன்றும்.

ஊக்கியின் எல்லை

கடற்பாசிச் சாறும் ஹியூமிக் அமிலமும் புதுவேர் விடத் துணைபுரியும். ஆனால் மண்ணிலுள்ள வித்துகளை அவை அழிப்பதில்லை. மேலும், வேர்முண்டு நோயில் வேர் பருப்பதே செடியின் வளர்ச்சி ஊக்கிகளான ஆக்சினும் சைட்டோகைனினும் நிலைகுலைவதால்தான். ஆகவே ஊக்கியை மட்டும் நம்பிச் செலவிடுவது பயனற்றது.

செய்ய வேண்டிய வரிசை

1. மண்ணைப் பரிசோதித்து, பரிந்துரைக்கும் அளவில் சுண்ணாம்பு இடுக. கார அமில நிலை 7.2-ஐ எட்டினால் வேர்முண்டு நோய் பெரிதும் தணியும்.

2. மேட்டுப்பாத்தி அமைத்து நீரை வடிய விடுக.

3. நோய் கண்ட நிலத்தில் மூன்றாண்டுகளேனும் கோசு, முள்ளங்கி, கடுகு ஆகியவற்றைத் தவிர்க்க.

4. டிரைக்கோடெர்மா 1 கிலோ, தொழுவுரம் 90 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 10 கிலோ கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரு வாரம் வைத்திருந்து இடுக. சுண்ணாம்பிட்டு இரு வாரம் கழிந்த பின்னரே இதனை இடவேண்டும்.

5. லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் கரைத்த நீரில் நாற்றின் வேரை நனைத்து நடுக.

இவற்றின் பின்னரே ஊக்கி. உயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. எனவே சிட்டையைப் படித்து, ரசீது பெற்றே வாங்குக.

கரமனையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய முறை ஆராய்ச்சி நிலையமும், அருகே வெள்ளாயணியில் வேளாண் கல்லூரியும் உள்ளன. உங்கள் பகுதிக் கிருஷி பவனையும் அணுகலாம். வாங்கிய கடன் விளைச்சலிலிருந்தே அடைபட வேண்டும். ஆதலால் முதற்செலவு மண் பரிசோதனையாக அமையட்டும்.