காலி வண்டியா, லோடு வண்டியா?

கேள்வி: ரஃபேல் போர் விமானத்தின் எடை 10 டன் என்கிறார்கள், 24.5 டன் என்றும் போடுகிறார்கள். எது சரி? ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவாகும்?

பதில்: இரண்டும் சரி. 10 டன், காலி லாரியை எடைமேடையில் ஏற்றிய கணக்கு. உள்டாங்குகளில் 4.7 டன் எரிபொருள் பிடிக்கும். இறக்கைக்கும் வயிற்றுக்கும் அடியில் குண்டு, ஏவுகணை, கூடுதல் டாங்க் என்று 9.5 டன் வரை தொங்கவிடலாம். எல்லாம் சேர்த்து ஓடுபாதையிலிருந்து எழும்ப அனுமதிக்கும் உச்ச வரம்புதான் 24.5.

செலவுக் கணக்குதான் வம்பு. எரிபொருளும் உதிரிபாகமும் மட்டும் என்றால் ஒரு தொகை; இன்ஜின் ஓவர்ஹாலும் தரைப் பணியாளர் சம்பளமும் சேர்ந்தால் வேறு தொகை. உதாரணத்துக்கு, அமெரிக்காவின் எஃப்-35ஏ போர் விமானத்துக்கு, 2025-க்குள் மணிக்கு 25,000 டாலர் என்று அதைத் தயாரிக்கும் லாக்ஹீட் மார்ட்டின் இலக்கு வைத்ததே, அதுகூட 2012-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில்!