பழைய பக்கமே மீண்டும் மீண்டும் வருகிறதா?

"தளத்தில் மாற்றிவிட்டோம் என்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் மட்டும் பழையதே தெரிகிறதே, ஏன்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் சில மாதங்களுக்குள் கேட்கும் கேள்வி இது. வைரஸ் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை. பெரும்பாலும் பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதைப் புதியதைக் கொண்டுவரச் செய்வது எப்படி என்று பார்க்கலாம். அதற்கு முன், எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

திங்களா, புதனா?

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா, தங்கை மூவரும் விருதுநகரில். தங்கை கல்லூரியில் இறுதி ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, என் கூடப் படிக்கிறவ நாளைக்கே பரீட்சைன்னு சொல்றா. டைம் டேபிள்ல புதன்கிழமைன்னுதான் போட்டிருக்கு. இப்பகூடத் திறந்து பார்த்தேன்."

அதே பக்கத்தை நான் இங்கே திறந்தேன். டைம் டேபிள் ஒரு பி.டி.எப். பைலாக இருந்தது. அதில் திங்கட்கிழமை என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஒரே முகவரி, ஒரே பைல், இரண்டு கிழமை!

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். "கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்து. வருகிற பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் டிக் செய்து அழித்துவிடு" என்றேன். அவளும் செய்தாள். டைம் டேபிளில் திங்கட்கிழமை வந்தது. இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினாள். பாஸ் செய்துவிட்டாள். ஆனால் எதிர்பார்த்த மார்க் வரவில்லை.

மறுநாள் காலை அப்பா போன் செய்தார். "ஏப்பா, மெயில் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு கேக்குது. அது தானாத்தானே வரும்?" லேப்டாப் அப்பாவுடையது. மெயில், கரண்ட் பில், ரயில் டிக்கெட் என்று எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பிரவுசரிலேயே சேமித்து வைத்திருந்தார். எதையும் எழுதி வைக்கவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையில் அத்தனையும் போய்விட்டது. ஒவ்வொன்றாக மீட்க எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆனது.

இரண்டு கீகளை அழுத்தினால் தீர்ந்திருக்கும் வேலை அது. நான் செய்த தவறை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கேஷ் என்பது என்ன?

உச்சரிப்பில் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' போலவே இருந்தாலும் இது வேறு. நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது அதிலுள்ள படங்கள், எழுத்து வடிவங்கள், பி.டி.எப். பைல்கள் போன்றவற்றை பிரவுசர் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. இந்தச் சேமிப்புக்குத்தான் கேஷ் என்று பெயர். அடுத்த முறை அதே பக்கத்தைத் திறந்தால், எல்லாவற்றையும் மறுபடி இண்டர்நெட்டிலிருந்து இறக்காமல் இந்தப் பிரதியைக் காட்டிவிடும். பக்கம் வேகமாக வரும். உங்கள் டேட்டாவும் மிச்சமாகும்.

பஸ் ஸ்டாண்டில் எழுதியிருக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்பது போலத்தான் இது. தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே நேரத்தை மாற்றிய பிறகும் சுவரில் இருப்பது பழைய நேரம்தான்.

எத்தனை நாள் வைத்திருக்கும்?

ஒரு பைலை அனுப்பும்போதே, அதை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று தளத்தின் சர்வர் நொடிக் கணக்கில் சொல்லி அனுப்பலாம். 3600 என்றால் ஒரு மணி நேரம். 86400 என்றால் ஒரு நாள். அந்தக் கெடு முடியும்வரை பிரவுசர் சர்வரைக் கேட்காமலேயே பிரதியைக் காட்டலாம்.

சர்வர் எதுவும் சொல்லாவிட்டால் பிரவுசரே ஒரு கணக்குப் போடும். பைல் கடைசியாக மாற்றப்பட்டு எத்தனை நாளாகிறது என்று பார்த்து, அதில் பத்தில் ஒரு பங்கு காலம் வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். தங்கை முதலில் திறந்தபோது அந்த டைம் டேபிள் தளத்தில் ஏற்றி 30 நாள் ஆகியிருந்தது. எனவே 3 நாள் கெடு. அந்த 3 நாளுக்குள் கல்லூரியில் அதே பெயரில் புதிய பைலை ஏற்றிவிட்டார்கள். பெயர் மாறாததால் பிரவுசர் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது.

"நான் பத்துத் தடவை எப் 5 அழுத்தினேனே அண்ணா" என்றாள் தங்கை. உண்மைதான். ஆனால் அவள் அழுத்தியது அறிவிப்புகள் உள்ள பக்கத்தில். அந்தப் பக்கம் புதிதாகிவிட்டது. அதிலுள்ள லிங்க்கை கிளிக் செய்ததும் திறந்த பி.டி.எப். தனி பைல். அதற்குத் தனிப் பிரதி, தனிக் கெடு. எந்தப் பைல் பழையதோ, அது திறந்திருக்கும் டேபிலேயே அழுத்தினால்தான் பயன் உண்டு.

இந்த வரிசையில் செய்யுங்கள்

எப்போதும் சிறிய மருந்திலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ளவை விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றுக்கும் பொருந்தும்.

1. எப் 5 கீயை அழுத்தவும். பிரவுசர் சர்வரிடம், "என்னிடம் உள்ளது மாறியிருக்கிறதா?" என்று கேட்கும். மாறவில்லை என்று பதில் வந்தால் பிரதியையே காட்டும். மாறியிருந்தால் புதியதை இறக்கும். ஆனால் பக்கத்திலுள்ள படங்கள் போன்றவற்றுக்கு எப்போதும் இப்படிக் கேட்பதில்லை.

2. கண்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு எப் 5 அழுத்தவும். இப்போது பிரவுசர் தன்னிடமுள்ள பிரதியை ஒதுக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைச் சர்வரிலிருந்து முழுவதும் புதிதாகக் கொண்டுவரும். சில லேப்டாப்களில் எப் 5 வேலை செய்ய எப்.என். கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். அல்லது கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். பெரும்பாலான சமயங்களில் இதோடு வேலை முடிந்துவிடும்.

3. இன்னும் பழையதே வந்தால், குரோம், எட்ஜ் பிரவுசர்களில் கண்ட்ரோல், ஷிப்ட், என் அழுத்தவும். பயர்பாக்ஸில் கண்ட்ரோல், ஷிப்ட், பி. ஒரு பிரைவேட் விண்டோ திறக்கும். இது பழைய கேஷைப் பயன்படுத்தாது. ஏற்கெனவே வேறு பிரைவேட் விண்டோ திறந்திருந்தால் அதை முதலில் மூடிவிடுங்கள். இங்கே புதியது வந்தால் பிரச்னை உங்கள் கேஷில்தான். இங்கேயும் பழையதே வந்தால், பெரும்பாலும் தளத்திலேயே இன்னும் மாற்றவில்லை. அப்போது உங்கள் கம்ப்யூட்டரில் எதை அழித்தும் பயனில்லை.

4. கேஷில்தான் பிரச்னை என்று தெரிந்த பிறகு, கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் அழுத்தவும். எதை அழிக்க வேண்டும் என்று கேட்டு ஒரு பெட்டி வரும். கால அளவில் 'ஆல் டைம்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பயர்பாக்ஸில் அது 'எவ்ரிதிங்'. பிறகு குரோமிலும் எட்ஜிலும் 'கேஷ்டு இமேஜஸ் அண்ட் பைல்ஸ்' என்ற வரியில் மட்டும் டிக் இருக்கட்டும். பயர்பாக்ஸில் 'கேஷ்டு பைல்ஸ்' என்று வரும் வரி. மற்ற டிக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, அழிப்பதற்கான பட்டனை கிளிக் செய்யவும். பிரவுசரின் பதிப்பைப் பொறுத்து சொற்கள் சற்று மாறலாம்.

எதைத் தொடக் கூடாது?

அந்தப் பெட்டியில் சில டிக்குகள் முன்பே போடப்பட்டிருக்கும். அங்கேதான் கவனம் தேவை. 'குக்கீஸ்' என்பதை அழித்தால், நீங்கள் லாக் இன் செய்திருக்கும் தளங்கள் எல்லாம் உங்களை வெளியேற்றிவிடும். 'ஹிஸ்டரி'யை அழித்தால் பார்த்த தளங்களின் பட்டியல் போய்விடும். 'பாஸ்வேர்ட்ஸ்' என்ற வரி இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிரவுசரில் உங்கள் கணக்கைச் சேர்த்து, போனிலும் அதே கணக்கைப் பயன்படுத்தினால், இங்கே அழிக்கும் பாஸ்வேர்டு அங்கேயும் அழிந்துவிடக்கூடும்.

கேஷை மட்டும் அழித்தால் எதுவும் தொலையாது. தளங்கள் முதல் முறை சற்று மெதுவாகத் திறக்கும், கொஞ்சம் டேட்டா கூடுதலாகச் செலவாகும். அதற்காகத் தினமும் அழிக்க வேண்டியதும் இல்லை. அப்படிச் செய்தால் கேஷினால் கிடைக்கும் வேகத்தை இழப்பீர்கள்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் வழியாகப் போய் ஒரு ஆப்பின் 'ஸ்டோரேஜ்' பகுதியைத் திறந்தால் 'கிளியர் கேஷ்' என்றும், 'கிளியர் ஸ்டோரேஜ்' அல்லது 'கிளியர் டேட்டா' என்றும் இரண்டு பட்டன்கள் இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதை அழுத்தினால் அந்த ஆப் போனில் சேமித்திருப்பவை எல்லாம் அழிந்து, புதிதாக நிறுவியது போல ஆகிவிடும்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. பணம் கட்டும் பக்கத்திலோ விண்ணப்பம் அனுப்பும் பக்கத்திலோ நிற்கும்போது எப் 5 அழுத்தாதீர்கள். அனுப்பிய விவரங்களையே மறுபடி அனுப்பவா என்று பிரவுசர் கேட்கும். சரி என்றால் இரண்டு முறை பணம் போய்விடவும் வாய்ப்பு உண்டு.

முடிவாக

பரீட்சைத் தேதி, விண்ணப்பிக்கக் கடைசி நாள், கட்டணம் கட்டும் கெடு போன்றவற்றைத் தளத்தில் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பைலின் மேலேயே ஒரு முறை கண்ட்ரோல், எப் 5 அழுத்திவிட்டுப் படியுங்கள். இரண்டு நொடி வேலை. கூட இருப்பவர் வேறு தேதி சொன்னால் அலட்சியம் செய்யாமல், வேறொரு போனிலும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தங்கை இப்போது எந்த அறிவிப்பைத் திறந்தாலும் இப்படித்தான் செய்கிறாள். அப்பா பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். நானும் போனில் யாருக்கும் "எல்லாவற்றையும் டிக் செய்" என்று சொல்வதை விட்டுவிட்டேன்.