கண்மதிப்பும் முன்முடிவும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

எங்கள் காரமடைப் பக்கத்தில் ஆட்டு வியாபாரி கிடாயின் முதுகை அழுத்திப் பார்த்து, "பதினாறு கிலோ தேறும்" என்பார். இதற்குக் கண்மதிப்பு என்று பெயர். தராசு பதினான்கு காட்டினால் அவர் தராசோடு சண்டை பிடிப்பதில்லை. அடுத்த ஆட்டுக்குத் தம் கணக்கைத் திருத்திக்கொள்வார். 'முடிவு கட்டிவிட்டான்', 'முத்திரை குத்திவிட்டான்' என்றும் நாம் பேசுகிறோம். அங்கே தராசுக்கே இடமில்லை.

பார்ப்பதற்கு முன்பே எண்ணங்கொள்வதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. சிறு அடையாளத்தைக் கொண்டு எண்ணுவது ஊகம். சைவ சித்தாந்த நூல்கள் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என வகுக்கின்றன; புகையைக் கண்டு நெருப்பு உண்டெனக் கொள்வது கருதல். அந்தச் சொல்லின் வழியிலேயே, சோதித்துப் பார்ப்பதற்காகக் கொள்ளும் எண்ணத்தை அறிவியலில் கருதுகோள் என்கிறோம். சோதனைக்கு உட்படாத எண்ணமே முன்முடிவு. இதனைத் தப்பெண்ணம் என்பாரும் உளர். எனக்கு அச்சொல் அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. முன்முடிவு சில வேளை சரியாகவும் இருந்துவிடலாம். அதன் குறை பொய்யாவதில் இல்லை, தராசில் ஏற மறுப்பதில் இருக்கிறது.

இதற்கு நம் கோயமுத்தூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கரும்பை நாம் கரணை வெட்டித்தான் நடுகிறோம். விதை போட்டுக் கரும்பு வளர்த்ததாக எந்தக் குடியானவரும் சொல்லமாட்டார். ஆகவே கரும்புக்கு முளைக்கும் விதையே கிடையாது என்று உலகெங்கும் நெடுங்காலம் நம்பிவந்தனர். நம்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பல வட்டாரங்களில் கரும்பு அருமையாகவே பூக்கும். பூத்தாலும் அதன் விதை பஞ்சுத் தூசி போல இருப்பதால் கண்ணில் படாது. 1880-களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படாஸ் தீவிலும் அந்தத் தூசியை முளைக்கவைத்துக் காட்டிய பிறகே அந்த முடிவு உடைந்தது. விதை உண்டென்றால் ஒட்டுச் சேர்க்கலாம். புதிய இரகம் காணலாம். வட இந்தியாவில் எளிதில் பூக்காத கரும்பு கோவையில் தாராளமாகப் பூக்கிறது. எனவேதான் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே தோன்றியது.

அங்கே இன்னொரு முன்முடிவும் காத்திருந்தது. பவானிக் கரையில் மண்டிக் கிடக்கும் நாணலைப் பார்த்து எவரும் கரும்பை நினைக்கமாட்டார். மெலிந்த தண்டு, இனிப்பு கிடையாது, வயலில் புகுந்தால் களை. ஆனால் தாவரவியற்படி அது கரும்பின் நெருங்கிய உறவு. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் தடித்த கரும்போடு கோவை நாணலை ஒட்டுச் சேர்த்தனர். இனிப்பில்லாததைச் சேர்த்தால் இனிப்புக் குறையாதா? குறையத்தான் செய்யும், நாணலின் பங்கு மிகுந்தால் நாரும் மிகும். அந்த எண்ணம் முழுப் பொய்யன்று. ஆனால் வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் உரத்தை அந்தப் புல்தான் தந்தது. 1918-இல் வெளிவந்த கோ 205 பஞ்சாபில் பழைய நாட்டுக் கரும்பாகிய 'கத்தா'வை விஞ்சி விளைந்தது. பிற்காலத்தில், 1934-இல் இந்நிலையத்தில் சேர்ந்த ஜானகி அம்மாள் நாணலின் குரோமோசோம்களை நுணுகி ஆராய்ந்தார். பெண்ணுக்கு நுண்ணோக்கி எதற்கு என்று கேட்ட காலம் அது. இப்போதும் கேட்பார் உளர்.

கரும்பு இருக்கட்டும், நம் ஆய்வகத்துக்கு வருவோம். தண்டின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, பாடநூலில் உள்ள படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைவது நம் மாணவரிடையே பெருவழக்கம். படத்தில் கற்றைகள் வரிசையாக நிற்கும். கண்ணாடிச் சில்லில் இரண்டு கிழிந்திருக்கும், ஒன்று சாய்ந்திருக்கும். கண்டதை வரைந்தால் மதிப்பெண் போய்விடுமோ என்ற அச்சம்! தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி வந்தவர்க்கு இந்த அச்சம் பெரிது. எனக்கும் அது தெரியும். அச்சடித்த படம் தவறாது, நம் கண்தான் தவறும் என்று முன்னதாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். "தமிழ் வழியில் வந்த பிள்ளைகளுக்கு அறிவியல் ஏறாது" என்று பிறர் சொன்னதை நாமே நம்பத் தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

தோழர்களுக்கு ஒரு பயிற்சி சொல்வேன். சில்லைப் பார்க்குமுன், என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதனைப் பென்சிலால் ஒரு தாளில் சிறிதாக வரையுங்கள். பிறகு நுண்ணோக்கியில் கண் வைத்து, கண்டதை அதன் பக்கத்தில் வரையுங்கள். முதற்படத்தை அழிக்க வேண்டாம். நாணல் தண்டிலிருந்து தொடங்கலாம்; பவானிக் கரையில் வேண்டிய மட்டும் கிடைக்கும்.