கூப்பிட்டால் வரும் நாய்க்குட்டி

மீளக்குடியேறிய வளவுகளில் பட்டிக்கும் கோழிக்கும் காவலாகப் பலர் நாய்க்குட்டி வளர்க்கிறோம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய காணிக்குள் குட்டி ஓடினால், பின்னால் பிள்ளையும் ஓடும். ஆகவே கூப்பிட்டவுடன் திரும்பி வருவதே அதற்கு முதற்பாடம்.

8 வாரக் குட்டியே இதைப் பழகத் தொடங்கும். ஆனால் அதன் கவனம் சில நிமிடங்களே நிற்கும். நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு 3 நிமிடம் போதும். சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது, சந்தடியில்லாத இடத்தில் தொடங்குங்கள். பெயரை ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். முகம் பார்த்த கணமே, உப்புப் போகக் கழுவிய நெத்தலிக் கருவாட்டில் சிறு துண்டு கொடுங்கள். பிந்தினால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. பார்க்காவிட்டால் திரும்பத் திரும்பக் கத்தாதீர்கள். பெயர் வெறும் சத்தமாகிவிடும். குனிந்து இரண்டடி பின்னே நகர்ந்தால் குட்டி தானாகத் தொடரும்.

கோழிக்குஞ்சை விரட்டிய குட்டியைக் கூப்பிட்டு அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. (நாமும் ஒரு குட்டியை இப்படிக் கெடுத்திருக்கிறோம்.) வந்ததற்கே அடி விழுந்தது என்று அது எண்ணும், அடுத்த முறை வராது.

வீட்டுக்குள் தவறாமல் வந்த பின்னரே முற்றம். பிறகு நீண்ட கயிற்றில் ஒழுங்கை. கவனம் சிதறினால் மீண்டும் முற்றத்துக்கே வாருங்கள்.

பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கவேண்டும்: குட்டி ஓடினால் துரத்தாமல், நின்ற இடத்தில் நின்றே கூப்பிடவேண்டும். பலகை உள்ள பக்கம், எவ்வளவு பழகிய நாயானாலும், கயிறில்லாமல் விடவேண்டாம்.