வேன் சூடேறுவது ஏன்?

கேள்வி: ரேடியேட்டர் மாற்றிய பிறகு என் வேனின் சூட்டு முள் திடீரென ஏறி இறங்குகிறது. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சளசளக்கிறது. கூலண்ட் குறையவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கோமாரி

பதில்: உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. சீட்டுக்கடியில் எஞ்சின் உள்ள வேன்களில் குழாய்கள் நீளம்; காற்று சுலபத்தில் வெளியேறாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறவுங்கள். சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் பீறிடும். காற்று மேலேறி வெளியேற வேனின் முன்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கோமாரியில் மேட்டுக்கு எங்கே போவது? முன்பக்கத்தை ஜாக்கி வைத்து உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். நம் வெயிலில் யாரும் தொடாத ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். அதன் குழாயிலும் காற்று ஒளிந்திருக்கும். கூலண்டை மெல்ல ஊற்றி, மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிடுங்கள். சுமார் 82 முதல் 88 பாகையில் தெர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் சுடும், குமிழி கிளம்பும், மட்டம் இறங்கும். ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்றதும் மூடுங்கள். மறுநாள் காலை மட்டத்தைப் பாருங்கள்.

கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உப்பு அலுமினியத்தை அரிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் பாஸ்மாரையும் நம்பாதீர்கள்.

குமிழி நிற்கவே இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். அப்படியே பொத்துவிலுக்கு ஓட்டிப் போகாதீர்கள்.