தொழிலும் நோயும்

தலைவலி, இடுப்புநோவு, உறக்கமின்மை என நாடோறும் நாம் சில குறைகளை முறையிடுகின்றோம். தைலம் பூசியும் மாத்திரை விழுங்கியும் அவற்றை மறக்க முயல்கின்றோம். நோயின் மூலத்தை ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டுமெனத் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' வலியுறுத்துகின்றது. அம்மூலம் பல வேளைகளில் நாம் செய்யும் தொழிலிலேயே மறைந்து கிடக்கின்றது.

இவ்வுண்மையை முறைப்பட எடுத்துரைத்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூலியற்றிய அவர், நோயாளியின் தொழில் யாதென்றும் வினவுமாறு மருத்துவர்க்கு அறிவுறுத்தினார். எம்மூராகிய வெருகலில் நாள் முழுதும் குனிந்து அருவி வெட்டுவோரின் இடுப்புநோவும், கடல்வெயிலில் வலை இழுப்போரின் கண்ணெரிவும், வகுப்பறையில் ஓயாது பேசும் ஆசிரியரின் குரற்கம்மலும் அவ்வினாவினால் எளிதில் விளங்கும்.

ஆயின், நிழலில் அமர்ந்து பணிபுரிவோரும் நோயுறுகின்றனரே! அதற்குக் காரணம் யாது? 1967இல் இலண்டன் அரசாங்கக் கந்தோர்களிற் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆடவரை ஆராயத் தொடங்கினர். பதவி தாழத் தாழ இருதய நோயால் இறப்போர் தொகை மிகுந்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கிற் கொண்ட பின்னும் அவ்வேறுபாடு முற்றும் நீங்கவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையின் போக்கைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தோரிடையே இருதய நோய் மிகுதலைக் காட்டிற்று.

485 ஆய்வுகளைத் தொகுத்து, 267,995 ஊழியர்களைப் பற்றி 2005இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையும் உளது. தொழிலில் மனநிறைவு குன்றுதல், மனச்சோர்வு பதற்றம் முதலியவற்றோடு பெரிதும், உடல்நோயோடு ஓரளவும் தொடர்புடையதென அது கூறுகின்றது. நோயே மனநிறைவைக் குறைத்தலுங் கூடுமாதலின், ஒன்றே மற்றதற்குக் காரணமென அறுதியிடல் ஆகாது. ஆயினும் இரண்டிற்கும் தொடர்பு உண்டென்பது தெளிவு.

இதனை யானும் அனுபவத்தால் அறிவேன். முன்னர்ப் பணியாற்றிய ஒரு பாடசாலையில் மாலைதோறும் தலைவலி என்னை வருத்திற்று. கண்ணாடி மாற்றியும் தீரவில்லை. நேரசூசி வகுக்குங்கால் ஆசிரியர் கருத்தையும் கேட்கும் வழக்கம் வந்த பின்னர், பாடவேளைகள் குறையாதிருந்தும் தலைவலி குறைந்தது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பிறரை ஏவும் பதவிகளில் உள்ளனர். அவர்கட்கு எனது விண்ணப்பம் ஒன்றே. கீழ்ப் பணிபுரிவோர் ஒருவர் தலை நோகின்றதெனக் கூறின், சோம்பல் என இகழற்க. மருத்துவரிடம் செல்ல அவருக்கு ஓய்வு தருக. அவருடைய வேலையின் நிலையையும் வினவுக. அதனை வகுக்கும்பொழுது அவர் சொல்லுக்கும் இடமளிக்க. பொருட்செலவில்லாத மருந்து இது. கொடுப்போர் கையிலேயே இருப்பது.