கழிநண்டுகளை இனம் பிரித்தறிதல்

அலவன், ஞெண்டு, கள்வன் எனத் தமிழ் ஓருயிர்க்குப் பல பெயர் வழங்கும். பல உயிர்களை ஒரு பெயரால் வழங்குதலும் உண்டு. எண்ணூர்க் கழியில் அகப்படுவனவற்றைச் 'சேற்று நண்டு' என்று பொதுப்படக் கூறுதல் அத்தகைத்து.

காசிமேட்டுத் துறையில் வந்திறங்கும் கடல் நண்டுகளைப் பிரித்தறிதல் எளிது. ஓட்டின் பின்புறத்தே செம்புள்ளி மூன்றுடையது முப்புள்ளி நண்டு. நடுவே சிலுவைக்குறி தாங்கியது சிலுவை நண்டு. தமிழகக் கழிகளில் வாழும் ஸ்கில்லா செர்ராட்டா, ஸ்கில்லா ஒலிவேசியா என்னும் இரண்டுமோ பெரிதும் ஒத்திருப்பன. ஓட்டின் முன்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்பது பற்கள் இரண்டற்கும் பொது. பொதுவியல்பை விடுத்துச் சிறப்பியல்பைப் பற்றுதலே வகுத்தலின் நெறி. அவ்வியல்புகள் மூன்றனை ஈண்டுக் கூறுவாம்.

முதலாவது, கண்களுக்கிடையேயுள்ள நெற்றிப்பற்கள் நான்கு. இவை செர்ராட்டாவுக்கு உயர்ந்தன. ஒலிவேசியாவுக்குத் தாழ்ந்து மழுங்கியன. இரண்டாவது, கொடுக்கின் மணிக்கட்டுப் புறம். முன்னதற்கு இரண்டு முட்கள் தெளிவாய்த் தோன்றும். பின்னதற்கு ஒரு சிறு முள்ளோ மழுங்கிய மேடோ காணப்படும். மூன்றாவது, கால்கள். முன்னதன் கால்களனைத்திலும் வலைப்பின்னற் கோலம் உண்டு, பின்னதற்கு அஃதில்லை.

1998இல் கீனன், டேவி, மான் என்னும் மூவர் இவ்வினத்தை நான்காக வரையறுத்தனர். அவற்றுளொன்று, தரங்கம்பாடியின் பெயரால் 1798இலேயே பெயர் பெற்ற டிராங்குபாரிக்கா. நம் நாட்டு நூல்கள் சிலவற்றில் ஒலிவேசியா 'செர்ராட்டா' என்றும், செர்ராட்டா 'டிராங்குபாரிக்கா' என்றும் பெயர் மாறி நின்றன.

இது சொல்லளவில் நிற்கும் பிழையன்று. செர்ராட்டா பேருருக் கொள்வது; ஒலிவேசியா சிற்றளவிலேயே முதிர்வது. சிறியதன் முதிர்ச்சியளவைப் பெரியதற்கு விதிப்பின், இனம்பெருக்காத இளநண்டுகள் வலைப்படும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியது போன்ற கேடு நேருங்கால், எவ்வினம் எத்துணை குறைந்ததென்று உரைத்தற்கு இனந்தோறும் எண்ணிய முற்கணக்கு வேண்டும். அஃதில்வழி, கழியை நம்பி வாழ்வார்தம் இழப்பும் கணக்கில் ஏறாது. ஆதலின் மாணாக்கர், நண்டின் நிறத்தை நம்பாது நெற்றியையும் மணிக்கட்டையும் நோக்குவாராக.